வந்தான் வரத்தான்

ஒரு மனிதன் ஓர் ஊருக்குப் புதிதாக வந்து சேர்ந்ததும் முதலிற் கேட்கும் கேள்விகள் மிக எளியவை. நல்ல சாப்பாட்டுக்கடை எது? குளிப்பதற்கேற்ற குளம் எங்கே இருக்கிறது? மாலைவேளையில் பந்தடிக்க மைதானம் உண்டா? இக்கேள்விகளை நாம் இகழவேண்டியதில்லை. வயிறும் உடலும் ஒரு மண்ணோடு பழகாமல் மனம் அதனோடு பழகுவது அரிது. ஆயினும் இவற்றுக்கெல்லாம் விடை கண்ட பின்னரும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. ஓர் ஊரின் சோற்றை உண்டு, அதன் குளத்தில் நீராடி, அதன் மைதானத்தில் விளையாடிவிட்டால் அவ்வூர் நம்முடையதாகிவிடுமா? இல்லையெனில் எப்போதுதான் அது நம்முடையதாகும்?

இக்கேள்வியை வன்னி மண்ணில் நின்று எழுப்புவது மிகவும் பொருத்தமானது. கிளிநொச்சி பழம்பெருமை பேசும் நகரமன்று. வந்தவர்களால் உருவான நகரம். இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் 1902இல் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் நிறைவெய்திற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமின்மையையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்கோடு 1936இல் இங்கே குடியேற்றத்திட்டம் ஆரம்பமாயிற்று. 1934-35இல் இலங்கை முழுவதையும் உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோயின் நினைவு மாறாத காலம் அது. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டு அந்நோய் அடங்கிய பின்னரே காடு வெட்டிக் கழனி செய்தோர் அச்சமின்றி உறங்கினர். இன்று தம்மை இவ்வூரின் மூத்த குடிகள் என்று கூறிக்கொள்வோரிற் பெரும்பாலோர், முன்னொரு நாள் மண்வெட்டியும் பாயுமாக வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே ஆவர்.

பின்னர் யுத்தம் வந்தது. 2009 ஜனவரியில் இந்நகரம் மக்களற்ற வெறும் கட்டடங்களாகக் கிடந்தது. முல்லைத்தீவுக் கடற்கரைவரை துரத்தப்பட்டு, எண்ணற்ற உயிர்களை இழந்து, செட்டிகுளத்து முகாம்களில் கம்பிவேலிக்குள் அடைபட்டிருந்த மக்கள் சிறிது சிறிதாகத் திரும்பி வந்தனர். தம் சொந்த ஊருக்கே அவர்கள் புதியவர்களாய் வரவேண்டியிருந்தது. அவர்களுக்குப் பின்னால் நம்மைப் போன்றோர் வந்தோம். அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆசிரியர்களும் மாணவர்களும் உத்தியோகத்தர்களும் வாடகை அறைகளில் தங்கி, வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஊர் திரும்பும் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கின்றனர்.

நமக்கும் இம்மண் முதலில் நாவின் வழியாகவே அறிமுகமாயிற்று. ஏ-9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் இறங்கி, வறுத்த கச்சான் வாங்காமற் செல்லும் பயணி அரியர். சோளகக் காற்று வீசும் மாதங்களிற் பாலைப்பழம் வரும். தின்றபின் உதட்டில் ஒட்டும் அதன் பாலைத் துடைத்துத் துடைத்துச் சிரிப்பதும் ஓர் இன்பம். மண்சட்டியில் உறைந்த எருமைத்தயிர், காட்டுத்தேன், குளத்து மீன் எனப் பட்டியல் நீளும். வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ‘அம்மாச்சி’ உணவகங்களிற் பெண்கள் நம் கண்முன்னே குரக்கன் பிட்டு அவிக்கின்றனர். ஓரிரு மாதங்கள் இவ்வாறு உண்டு பழகியதும், “நாங்களும் வன்னியார் ஆகிவிட்டோம்” என்று நண்பர்களுக்குள் சொல்லி மகிழ்கின்றோம்.

இவ்வுணவுகளின் வரலாற்றைச் சற்று நினைத்துப் பார்த்தால் வியப்பே தோன்றும். கச்சானின் தாயகம் தென் அமெரிக்கா. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் இளைஞர்களுக்கு வாழ்வளித்த மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயரின் வழியாகக் கீழைநாடுகளுக்கு வந்ததே. நாம் குளத்து மீன் என்று விரும்பி உண்ணும் திலாப்பியா ஆபிரிக்காவில் தோன்றி 1952இல் இலங்கைக் குளங்களில் விடப்பட்டது. எழுபது ஆண்டுகளில் அம்மீன் ‘நம் மீன்’ ஆகிவிட்டது. எவரும் அதனிடம் பூர்வீகம் கேட்பதில்லை. ஆனால் மனிதனிடம் கேட்கின்றோம். ‘வந்தான் வரத்தான்’ என்றொரு தொடர் நம் பேச்சில் உண்டு. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் வன்னியில் இன்றும் இருக்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாணவன் ஒருவனின் வீட்டுக்கு நண்பர் ஒருவரோடு சென்றிருந்தோம். அவர்கள் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தினர். மாணவனின் பாட்டி அடுப்பிலிருந்து சுடச்சுட ரொட்டியும் கட்டைச்சம்பலும் எடுத்துவந்து, சாயத் தேநீரோடு முன்னால் வைத்தார். “சாப்பிடுங்க சேர், நம்ம வீட்டுல இதுதாங்க இருக்கு” என்றார். நண்பரோ, “வயிறு சரியில்லை அம்மா” என்று சொல்லிக் கோப்பையைத் தொடாமலே இருந்தார். நாம் எழுந்தபோது பாட்டி அக்கோப்பையை ஒன்றும் பேசாமல் எடுத்துச் சென்றார். அவருக்கு இது புதிதன்று என்பது அவர் எடுத்த விதத்திலேயே தெரிந்தது. திரும்பும் வழியில், நகரத்துக் கடையொன்றில் நண்பர் கொத்துரொட்டி சாப்பிட்டார். வன்னிச் சாப்பாட்டின் சுவையைப் பற்றி நம்முள் அதிகம் பேசுபவர் அவரே.

அன்று நாம் அவ்வீட்டில் உண்டோம். ஆனால் நண்பரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. உண்ண மறுத்த குற்றம் அவருடையதானால், கண்டும் பேசாதிருந்த குற்றம் நம்முடையது. நகரத்தின் உணவைச் சுவைப்பதும் நகரத்தாரோடு உணவைப் பகிர்வதும் ஒன்றல்ல என்பதை அன்றுதான் நாம் உணர்ந்தோம். சுவைப்பதற்குப் பணமும் நாவும் போதும். பகிர்வதற்கோ எதிரில் இருப்பவரை நமக்குச் சமமானவராய், நமக்கு விருந்தளிக்கும் தகுதியுள்ளவராய் ஏற்கவேண்டும்.

இதன் பொருளை உழைக்கும் மக்கள் நமக்கு முன்னரே அறிந்திருந்தனர். 1960 பெப்ரவரியில் அமெரிக்காவின் கிறீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர் நால்வர், தமக்குப் பொருள்களை விற்ற அதே கடையில் உண்ணுமிடத்தில் மட்டும் அமரக்கூடாதென்ற விதியை மீறி அமர்ந்தனர். 1966 ஒக்டோபருக்குப் பின்னர் யாழ்ப்பாணத்திற் சாதியால் ஒடுக்கப்பட்டோர் தேநீர்க் கடைகளுக்குள் நுழைவதற்காக அடியும் உதையும் ஏற்றுப் போராடினர். இவ்விரு போராட்டங்களும் ஒரு கோப்பைத் தேநீரின் சுவைக்காக நிகழ்ந்தவையல்ல. ‘நீ எங்களுள் ஒருவன் அல்லன்’ என்று சொல்லாமற் சொல்லும் வழக்கத்தை எதிர்த்தே அவை நிகழ்ந்தன.

விளையாட்டைப் பற்றியும் இதையே சொல்லவேண்டும். மாலை நான்கரை மணிக்குக் கரப்பந்தாட்ட வலை கட்டப்படுகின்றது. வயற்காரர் மகனும் கூலிக்காரர் மகனும் வெளியூர் ஆசிரியரும் ஒரே அணியில் நிற்கின்றனர். பந்து எவருடைய பிறப்பையும் பார்ப்பதில்லை. ஆட்டம் முடிந்து குளக்கட்டில் அமர்ந்து காற்று வாங்கும்போது, மனிதர் இப்படித்தான் வாழவேண்டும் என்ற எண்ணம் நெஞ்சை நிறைக்கின்றது. அந்த மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் நாம் அமர்ந்திருக்கும் கட்டினுள்ளே தேங்கி நிற்கும் நீர் எவருக்குரியது?

இரணைமடு நீர் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்களை வளப்படுத்துகின்றது. சிறுபோகத்தில் நீர் போதாமையால் எவருக்கு எத்தனை ஏக்கர் என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடித் தீர்மானிக்கின்றது. அக்கூட்டத்திற் பேசுவோர் காணியுடையோர். காணியற்றோருக்கு அங்கே என்ன குரல் இருக்கமுடியும்? மாலையில் வலையின் ஒரே பக்கம் நின்ற இருவரில் ஒருவனுடைய தந்தை அக்கூட்டத்தில் அமர்ந்திருப்பார். மற்றவனுடைய தந்தை அக்கூட்டத்தின் முடிவால் தமக்கு எத்தனை நாட் கூலி கிடைக்கும் என்று வெளியே கணக்கிட்டுக்கொண்டிருப்பார். அறுவடை இயந்திரங்கள் வந்தபின் அந்நாட்களும் குறைந்துவிட்டன.

அந்தத் தந்தை யார்? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவரின் மகன். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கில் தலைகளை எண்ணி இரு நாடுகளுக்கும் பங்கிட்டபோது அவ்வெண்ணிக்கையுள் ஒருவர். 1977இன் வன்செயலிலோ 1983இன் வன்செயலிலோ தோட்டத்தை விட்டு ஓடிவந்து இங்கே காடு வெட்டியவர். பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம் ஆகிய ஊர்களை உருவாக்கியவர்கள் இத்தகையோரே. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும், யுத்தத்தின் சாவுகளை மற்றெவரோடும் சமமாகச் சுமந்தும், பாய்ச்சல் நீருள்ள வயல் இவர்களிற் பெரும்பாலோருக்கு எட்டவில்லை. ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் மட்டும் எட்டியது. இன்று வந்து நாளை மாற்றலாகிச் செல்லும் நமக்கு ‘சேர்’ என்ற மதிப்பு. வந்து தங்கி மாய்ந்து உழைத்தவருக்கு ‘வரத்தான்’ என்ற பெயர். இருவரும் வந்தவர்களே. வேறுபாடு பூர்வீகத்தில் இல்லை, வர்க்கத்தில் இருக்கின்றது.

இங்கு ஒருவர் மறுத்துரைக்கலாம். “வந்தவரையெல்லாம் வரவேற்க வேண்டும் என்கிறீர்களே, அரசு குடியேற்றத்தை ஆயுதமாகப் பயன்படுத்தியதை மறந்துவிட்டீர்களா?” நாம் மறக்கவில்லை. 1984இல் மணலாற்றுப் பகுதியின் கென்ட், டொலர் பண்ணைகளில் வாழ்ந்த மலையகத் தமிழ் ஏழைகள் வெளியேற்றப்பட்டனர். அவ்விடத்திற் சிங்களக் கைதிகளும் அவர்களின் குடும்பத்தினரும் குடியமர்த்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் அவர்களும் கொல்லப்பட்டனர். துரத்தப்பட்டோரும் ஏழைகள், கொல்லப்பட்டோரும் ஏழைகள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். தலைமுறை தலைமுறையாய் இம்மண்ணிற் பிறந்து வாழ்ந்தோரைப் பிறப்புரிமை காக்கவில்லை. ஆகவே பிறப்பு ஒன்றே உரிமைக்கு ஆதாரம் என்பதும் பொய்; வந்தமர்ந்தால் உரிமை வந்துவிடும் என்பதும் பொய். மற்றொருவரைப் பெயர்க்காமல், அவரோடு சேர்ந்து உழைத்து வாழ்பவனுக்கே ஊர் உரியது. அதிகாரத்தின் துணையோடு பிறர் நிலத்தில் இறக்கப்படுவதையும், அடைக்கலம் தேடி வந்து தன் வியர்வையால் நிலம் திருத்துவதையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது.

“நாம் ஆசிரியர்கள், மாணவர்கள், காணியைப் பங்கிட நம்மால் ஆகுமா?” என்று மற்றொருவர் கேட்கலாம். ஆகாதுதான். ஆனால் நம்மால் ஆகக்கூடியவையும் உண்டு. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெறுவது எப்படி என்பது நம் மாணவரின் பெற்றோர் பலருக்குத் தெரியாது. ஒரு விண்ணப்பத்தை எழுதிக்கொடுக்கவும், பிரதேச செயலகம்வரை உடன் செல்லவும் நமக்குக் கல்வி போதும். வகுப்பறையில் ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளை ‘வரத்தான்’ என்று அழைக்கும்போது, கேளாதவர் போல் இருந்துவிடாமல், அவ்விருவரின் பாட்டனாரும் எங்கிருந்து வந்தனர் என்று வகுப்பு முழுவதற்கும் கேள்வியாய் வைக்கலாம். நண்பர் கோப்பையைத் தொடாதபோது காரணம் கேட்கலாம். நாம் அன்று செய்யத் தவறியது அதுவே.

உண்பதையும் விளையாடுவதையும் விட்டுவிடும்படி நாம் கூறவில்லை. பாலைப்பழம் தின்போம், பந்தடிப்போம், குளத்திற் குளிப்போம். ஓர் ஊரினுள் மனிதன் நுழையும் வாசல்கள் அவை. ஆனால் நம் இலையில் விழும் சோற்றுக்கு நாற்று நட்டவள் எந்த வீட்டின் முற்றத்தில் நிற்கின்றாள், உள்ளே அழைக்கப்படுகின்றாளா என்பதையும் கேட்போம். அவள் தன் நெல்லைத் தானே குத்தி, தன் வீட்டில் நம்மை அமர்த்தி, தலைநிமிர்ந்து பரிமாறும் நாள்வரை இவ்வூரில் நாமும் விருந்தாளிகளே. அந்நாளை விரைவுபடுத்த நாம் கைகொடுத்தோமா என்பதே நம்முன் உள்ள கேள்வி. வெள்ளிக்கிழமை பஸ் வருவதற்குள் அதற்கு விடை தேடத் தொடங்குவோமாக.