நண்பரின் பங்கும் ஏழையின் பங்கும்

ஒருவருக்குத் தர எண்ணிய பரிசின் பணத்தை அவர் பெயரால் அறக்கொடையாக வழங்கிவிட்டு, அதை ஒரு வாழ்த்து மடலில் அவருக்குத் தெரிவிக்கும் வழக்கத்தில், விட்டுக்கொடுக்கப்படுவது உண்மையில் யாருடைய பங்கு என்னும் கேள்வி எழுகிறது. யூதச் சமயச் சட்டம் பூரிம் திருநாளை ஒட்டி இக்கேள்வியை மிக நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறது.

பாரசீகப் பேரரசில் ஆமான் என்னும் அமைச்சன் வகுத்த அழிவுத் திட்டத்திலிருந்து யூதர்கள் தப்பியதைக் கொண்டாடும் இத்திருநாளுக்கு, எபிரேய விவிலியத்திலுள்ள எஸ்தர் நூலின் 9ஆம் அதிகாரம் இரண்டு கொடைகளை விதிக்கிறது. ஒருவருக்கொருவர் உணவுப் பங்குகளை அனுப்புவது 'மிஷ்லோவாக் மானோத்' என்றும், ஏழைகளுக்கு ஈவது 'மத்தனோத் லாஎவ்யோனிம்' என்றும் வழங்கப்படும். ஒரு நண்பருக்கேனும் இரண்டு உணவு வகைகளும், இரண்டு ஏழைகளுக்கேனும் ஆளுக்கொரு கொடையும் சேர வேண்டும் என்று, சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பாகிய தல்மூத் குறைந்த அளவை வகுத்தது. ஒன்றைச் செய்தவர் மற்றொன்றிலிருந்து விடுபடுவதில்லை.

12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடிஸ், இந்த அளவுக்கு மேல் செலவிட வசதியுள்ளவர் விருந்தையும் நண்பர்க்கு அனுப்பும் பங்குகளையும் பெருக்குவதைவிட ஏழைகளுக்கான கொடையைப் பெருக்குவதே மேல் என்று தம் சட்டநூலில் தெளிவாகத் தீர்ப்பளித்தார். ஆதரவற்றோரின் உள்ளத்தை மகிழ்விப்பதற்கு மேலான மகிழ்ச்சி அவருக்குத் தெரியவில்லை. ஆயினும் அனுப்ப ஏதுமில்லாத இருவர் தத்தம் உணவையேனும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அதே நூலில் அவர் சொல்வது கூர்ந்து நோக்கத்தக்கது. அம்மாற்றத்தால் இருவர் கையிலும் பொருள் கூடுவதில்லை, உறவு மட்டுமே உறுதிப்படுகிறது.

நண்பர்க்குப் பங்கு அனுப்புவது எதற்காக என்பதில் பிற்கால அறிஞர்கள் வேறுபட்டனர். திருநாள் விருந்துக்கு யாருக்கும் உணவு குறையக் கூடாது என்பதே காரணம் என்றார் 15ஆம் நூற்றாண்டின் இஸ்ரயேல் இசர்லைன். யூதர்களைச் சிதறிப் பிரிந்து கிடப்பவர்கள் என்று ஆமான் பழித்ததற்கு மாறாக நட்பைப் பெருக்குவதே காரணம் என்றார் அடுத்த நூற்றாண்டின் சலோமோ அல்கபெட்ஸ். பெறுபவர் பங்கை ஏற்காமல் விட்டுக்கொடுத்தாலும் அனுப்பியவரின் கடமை நிறைவேறும் என்னும் சட்ட அறிஞர் மோசே இசர்லேசின் தீர்ப்பு இந்த இரண்டாம் காரணத்தோடுதான் எளிதில் பொருந்துகிறது, ஏனெனில் கொடுக்க நீண்ட கையே நட்பைக் காட்டிவிடுகிறது.

அத்தீர்ப்பில் விட்டுக்கொடுப்பவர் பெறுபவரே; கொடுப்பவர் தாமாகவே அவர் பங்கைத் திருப்பிவிடும்போது, நோக்கம் எவ்வளவு நல்லதாயினும், பிறருடைய பெருந்தன்மையைக் கேளாமலே செலவிட்டவராகிறார். ஆகவே இன்று பல யூதச் சமூகங்களில் வழங்கும் அறக்கொடை மடல், சிலருக்கேனும் உணவை நேரில் அனுப்பிய பின், நண்பர்களின் பெரிய பட்டியலில் எஞ்சியவர்களுக்குச் செல்லும்போதே முறையானதாகும். ஏழையின் பங்கோ பூரிம் நாளிலேயே அவர் கையில் சேர்ந்தாக வேண்டும் என்பதால், முன்கூட்டியே பணம் திரட்டுவோர் கொடுத்தவர்களின் முகவர்களாக நின்று அன்றைய பகலில் அதைப் பகிர்ந்தளிக்கிறார்கள்.