திருப்படியில் வைத்த வாள்

1750 ஜனவரியில் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா தம் உடைவாளைப் பெருமாள் முன் வைத்து, வென்று சேர்த்த நாடு முழுவதையும் அவருக்கே ஒப்படைத்தார். திருப்படி தானம் என்று அதற்குப் பெயர். அன்று முதல் நாடு பள்ளிகொண்டவருடையது. அரசர் வெறும் பத்மநாபதாசர்.

அதற்கு முன் அவர் செய்தவை கொஞ்சமல்ல. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வீழ்த்தியது அரசனின் கடமை என்று விடலாம். தம்மை எதிர்த்த எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற பிரபுக்களை வேரறுத்ததும், அக்கம்பக்கத்துச் சிற்றரசுகளை விழுங்கியதும்? அந்தப் பாவம் கழியவே 56 நாள் வேதம் ஓதும் முறஜபம் ஏற்பட்டது என்பார்கள். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை இன்றும் நடக்கிறது. திருவிதாங்கூர் அரசர்கள் செய்த இரணியகர்ப்பம் இன்னும் நேரடியானது: பொற்பாத்திரத்துக்குள் இறங்கி, புதிதாகப் பிறந்தவராக வெளியே வருவார்கள். மறுபிறவியை இந்தப் பிறவியிலேயே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு!

சாஸ்திரம் அத்தனை சீக்கிரம் மசியாது. தீவினை தாழ்ந்த பிறவி தரும். பரிகாரம் அதைத் தணிக்கும். பலன் வேண்டிச் செய்த வேள்வி சொர்க்கம்வரை கொண்டுபோகும், புண்ணியம் செலவானதும் திரும்பப் பூமிதான் என்கிறது கீதையின் ஒன்பதாம் அத்தியாயம். ஆக, பொன்னும் ஜபமும் நல்ல பிறவி வாங்கித் தரலாம். பிறவியை நிறுத்தாது.

திருப்படி தானம் வேறு வகை. அதில் சேர்ப்பது எதுவுமில்லை. 'என்னுடையது' என்பதை விடுவதுதான் இருக்கிறது. திருவனந்தபுரமோ நம்மாழ்வார் பாடிய வைணவத் தலம். சரணடைந்தவனின் பழைய வினைக் குவியலான சஞ்சிதம் எரிந்துபோகும் என்பது வைணவர் நம்பிக்கை. இந்த உடலோடு வந்த பிராரப்தம் மட்டும் வில்லை விட்ட அம்பு. அரசரானாலும் அனுபவித்தே தீர வேண்டும். இனிச் செய்வதால் சேரும் ஆகாமியத்தில்தான் சிக்கல்.

ஏனென்றால், நாடு தெய்வத்துடையது ஆனபின் எதிர்ப்பவன் தெய்வத்துரோகி ஆகிவிடுகிறான். அரசியலுக்கு இதைவிட வசதி என்ன? வாளை வைத்தவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார், கொச்சியோடு போரும் தொடர்ந்தது. தாசனாக நின்று செய்த போரின் வினை ஒட்டாதா? 'நான் செய்கிறேன்' என்ற எண்ணம் அற்றவனுக்குக் கொலைகூட ஒட்டாது என்று கீதையின் 18ஆம் அத்தியாயம் துணிந்து சொல்கிறது. அந்த எண்ணம் அற்றதா என்பதற்குத் தான ஓலை சாட்சியாகாது. 1758இல் கண்மூடும்வரை அவர் இட்ட ஒவ்வொரு கட்டளைக்கும் தனித்தனியாகத்தான் கணக்கு.