காட்டு மலரும் நிழற்படமும்

எம்மிடத்துத் தமிழ் பயிலும் இளைஞர் ஒருவர், சின்னாட்களுக்கு முன்னர், புதுவை மேட்டுப்பாளையத்திலுள்ள எம் இல்லம் போந்து, தம் கைப்பேசியில் மலர் ஒன்றன் நிழற்படத்தைக் காட்டினார். மங்கிய மஞ்சள் இதழ்களிற் பழுப்பு நிற வலைக்கோடுகளும், நடுவே நீலம் ஊறிய உதடும் உடையது அது. தொழிற்பேட்டையின் இரைச்சலுக்கிடையே இருந்து நோக்கிய எமக்கு அது வேற்றுலகப் பொருளாகவே தோன்றிற்று. வாண்டா என்னும் ஆர்க்கிடு வகை அது. நம் சமவெளியிலும் மாமரம் முதலியவற்றின் கிளைகளிற் பற்றி வளர்வது. நம்மவருட் பலர் இதனைப் புல்லுருவியென மயங்குவர். புல்லுருவி தான் பற்றிய மரத்தின் சாற்றை உறிஞ்சும். இதுவோ மரத்தை இடமாக மட்டுமே கொண்டு, தொங்கும் வேர்களால் மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் ஏற்று வாழும். இருக்குமிடத்திற்கு இடர் செய்யாது இருத்தலை இச்செடி அறியும். அதனைப் படமெடுப்பார் அறிவரோ என்பதே ஈண்டு எழுந்த வினா.

இளைஞர் கூறியது இது: கோயிற்காடு ஒன்றில் அம்மலரைத் தீண்டாமலே படமெடுத்து, ஊர்ப்பெயருடன் பலரும் காணுமாறு வெளியிட்டார். இரண்டு திங்கள் கழித்துச் சென்றபோது அக்கிளை அறுக்கப்பட்டிருந்தது, செடியைக் காணோம். "ஐயா, நான் ஓர் இதழையும் கிள்ளவில்லையே, இது என் குற்றமாகுமா?" என்றார். யாம் உடனே விடை கூறவியலாது வாளா இருந்தேம்.

பண்டு மலரின் உருவை ஏட்டில் ஏற்றுதற்கு அதனைக் கொய்தே தீரவேண்டியிருந்தது. இராபர்ட் வைட் என்பார் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட பெருநூலுக்கு ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர் இருவர் வரைந்த படங்கள் இன்றும் வியக்கத்தக்கன. ஆயினும் அவை பெரும்பாலும் கொய்து கொணர்ந்த செடிகளைப் பார்த்து வரைந்தனவே. நிழற்படக் கருவியோ மலரினின்று ஒளியை மட்டுமே கொள்ளுகின்றது. அம்மட்டில் இஃது ஓர் உயர்வேயாம். பூசைக்கு மலர் கொய்கின்ற யாம், நந்தவனத்து மலர் கொய்தற்கென்றே வளர்த்தது என்று அமைதி கூறலாம். காட்டு மலருக்கு அங்ஙனம் கூறுதற்கு இடமில்லை.

அற்றேல், படமெடுத்தல் முற்றும் தீங்கற்றதோ எனின், அன்று. காட்சி தெளியவேண்டி மறைக்கும் புல்லைப் பிடுங்குவர்; கிளையை வளைப்பர்; பாசியைச் சுரண்டுவர். பனித்துளி போலத் தோன்ற நீர் தெளிப்பாரும் உளர். (இதனாற் செடிக்குக் கேடில்லை, காண்பார்க்கே பொய்.) தரையில் வளரும் ஆர்க்கிடுகளைப் படமெடுக்க முழங்காலூன்றிக் குனிபவர் முன்னுள்ள மலரைக் காண்பரேயன்றித் தம் காற்கீழ் நெரிவனவற்றைக் காணார். ஆர்க்கிடின் விதை தூசி போன்றது. முளைத்தற்கு வேண்டும் உணவைத் தன்னகத்துக் கொண்டிராதது. காட்டில் உரிய பூஞ்சணம் ஊட்டினாலன்றி வளராது. ஒரு காயில் ஆயிரக்கணக்கான விதைகள் இருப்பினும் செடியாவன மிகச் சிலவே. ஆதலின் மிதியுண்ட சிறு முளையொன்றும் பல்லாண்டு இழப்பாம்.

இவற்றினும் பெரிது இடத்தை வெளியிடுதல். அகத்தியமலைப் பகுதிக்கே உரியது பாபியோபெடிலம் ட்ரூரி என்னும் ஆர்க்கிடு. பாதணி போன்ற வடிவினது, மஞ்சள் நிறத்தது. 1874-இல் பெட்டோம் என்பார் இதனை விவரித்து நூலில் ஏற்றினார். பின்னர் விரும்பிச் சேர்ப்பாரும் விற்பாரும் பெயர்த்துப் பெயர்த்து, காட்டில் இஃது அழிந்தொழியும் நிலையை எய்திற்று. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1991-இல் திருத்தப்பெற்றபோது இவ்வினமும் காவல் பெற்றது. ஆனால் பாறையிடுக்குதோறும் சட்டம் சென்று நிற்குமோ? இன்றைய கைப்பேசி, தான் எடுக்கும் படத்துள்ளேயே இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளைப் பொதிந்து வைத்தலும் உண்டு. அதனை நிறுத்தும் வழியும் அக்கருவியிலேயே உளது, அறிவார் சிலர்.

வினை மனம், வாக்கு, காயம் மூன்றானும் நிகழ்வது. இளைஞரின் காயம் தூயது. கேடு வாக்கின் வழியே சென்றது. கிளையறுத்தவன் குற்றமும் இவர் குற்றமும் ஒருநிகரன அல்ல; எனினும் இவரது இன்மையாகாது. "யாவரும் மறைப்பின் காட்டை வெட்டுங்கால் தடுப்பார் யார்? அம்மலர் அங்குண்டு என்று அறிந்தாலன்றோ காப்பர்?" என்று அவர் மறுத்தார். இது தக்க தடையே. காப்பார்க்கு இடம் கூறுக. கோயிற் பூசகர்க்கும் வனத்துறையார்க்கும் கூறுக. 1955-இல் நம் புதுவையில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு நிறுவனத்துச் செடிநூலார் போன்றார்க்குக் கூறுக. பிறர்க்கு மலரைக் காட்டினாற் போதும், ஊர் எதற்கு?

"நீவிர் ஊர்ப்பெயரை ஏன் இட்டீர்?" என்று வினவினேம். நெடுநேரம் நிலத்தை நோக்கியிருந்தார். "அதை முதலிற் கண்டவன் நான் என்று தெரியத்தான், ஐயா" என்றார். பறியாத மலரும் இவ்வாறு ஒருவர்க்கு 'எனது' ஆயிற்று. யாம் அவரைக் கடிந்திலேம். சொற்பொழிவிற்குச் சென்றால் அழைப்பிதழில் எம் பெயர் எவ்விடத்து அச்சாயிற்று என்று முதலில் நோக்கும் வழக்கம் எமக்கும் உண்டு.

சென்ற கிழமை மீண்டும் வந்தார். மரப்பட்டையின் வெடிப்பில் இரண்டிலை விட்ட சிறு நாற்று ஒன்றன் படம், பூவில்லை. எவ்வூர் என்று வினவ வாயெடுத்த யாம், அவர் முகத்தை நோக்கி, அன்றைய பாடத்தைத் தொடங்கினேம்.