உலக்கையின் உறுதி

எவ்வாயுதத்தாலும் பிளக்கவொண்ணாத உலோகமொன்றைக் கற்பனை செய்யப் புகுவோர் அதைப் பூமியின் ஆழத்திலோ நட்சத்திர மண்டலத்திலோ தேடுவது இயல்பு. நம் புராண கர்த்தாக்களோ, உறுதி என்பது வஸ்துவில் பிறப்பதன்று, மனிதர் செய்கையில் பிறந்து வஸ்துவில் வந்து குடியேறுவது என்று கருதினார்கள். விருத்திராசுரனை வதைக்க வேண்டிய வஜ்ராயுதத்துக்கு, தேவர்களின் பொருட்டு மனமுவந்து உயிர்நீத்த ததீசி முனிவரின் எலும்பே மூலப்பொருளாயிற்று.

அங்கே தியாகம் இறுகியது என்றால், மகாபாரதத்தின் மௌசல பர்வத்தில் இறுகுவது அபசாரம். அந்தக் கதையே என்னை அதிகமாக நடுங்க வைக்கிறது. கண்ணனின் மகன் சாம்பனுக்குக் கர்ப்பிணி வேஷமிட்டு, இவளுக்கு என்ன பிறக்கும் என்று யாதவ இளைஞர் பரிகாசமாய்க் கேட்க, குலநாசம் செய்யும் இரும்பு உலக்கை பிறக்கும் என்று ரிஷிகள் சபித்தார்கள். பிறந்த உலக்கையை அரசன் ஆணைப்படி பொடியாக்கிக் கடலில் எறிந்தார்கள். துவாரகையில் எவரும் மது காய்ச்சலாகாது என்றும் பறையறைவித்தார்கள். பழுதற்ற ஏற்பாடுகள்தாம், ஆயினும், ரிஷிகளைத் தேடிச்சென்று பிழை பொறுக்கும்படி வேண்டியதாக மட்டும் இக்கதையில் காணோம். குற்றம் இரும்பிலே இருப்பதாக எண்ணி, இரும்பை அரைத்தார்கள்!

பாரத யுத்தம் முடிந்த 36-ஆம் ஆண்டில், பிரபாச தீர்த்தத்தில், யாதவ வீரர்களான சாத்தியகிக்கும் கிருதவர்மாவுக்கும் யுத்தகால அதர்மங்களைப் பற்றி மதுமயக்கத்தில் மூண்ட வாக்குவாதம் கொலையாய் முற்றியபோது, கரையொதுங்கிய அப்பொடியிலிருந்து முளைத்திருந்த கோரைப்புல், பறித்தவர் கையிலெல்லாம் வஜ்ரம்போல் இறுகியது. தகப்பன் மகனை அடித்தான், குலம் அழிந்தது. அரைபடாது எஞ்சிய துண்டையோ, பாகவதம் சொல்லுகிறபடி, ஒரு மீன் விழுங்க, அம்மீனின் வயிற்றிலிருந்து அத்துண்டு ஜரன் என்னும் வேடனின் அம்பு நுனியாகிக் கண்ணனின் பாதத்தில் தைத்தது.

மாற்றும் வல்லமை இருந்தும் கண்ணன் அச்சாபத்தை மாற்ற விரும்பவில்லை என்றும் அந்நூல் கூறுகிறது. தன் குலத்தைக் காவாத தெய்வம், தன்மேல் அம்பெய்த வேடனைத் தேற்றிச் சுவர்க்கத்துக்கு அனுப்பியது எவ்வாறு பொருந்தும் என்று பக்தர்கள் கலங்குவதுண்டு. எனக்கு இதில் முரண்பாடு தோன்றவில்லை. தான் செய்தது இன்னதென்று கண்ட கணமே, ஜரன் அம்பையும் வில்லையும் மறந்து கண்ணன் காலடியில் விழுந்து மன்னிப்பு வேண்டினான். யாதவர் அத்தனை காலமும் வேண்டவில்லை.