தணலில் இறங்குவோரும் கரையில் நிற்போரும்

உடப்பு, பாண்டிருப்பு திரௌபதை அம்மன் ஆலயங்களில் ஆண்டுதோறும் அடியார்கள் விரதமிருந்து தீமிதிக்கின்றனர். உடலை வருத்தும் இவ்வழிபாடு எதற்கு என வினவுவோர் உளர். நேர்த்திக்கடன் என்பதே அடியாரின் விடை. ஆயினும் நேர்த்தியைத் தனித்தும் செலுத்தலாமே? ஊர் கூடி நிற்கத் தீயில் இறங்குவது ஏன்?

ஸ்பெயின் நாட்டுச் சிற்றூரான சான் பெட்ரோ மன்ரிக்கேயிலும் ஜூன் 23ஆம் திகதி இரவு தீமிதிப்பு நடைபெறுகின்றது. 2008இல் ஆய்வாளர்கள் அங்கு இதயத் துடிப்பை அளந்தனர். தணலில் நடந்தவரின் துடிப்பும், பார்த்து நின்ற உறவினர், நண்பரின் துடிப்பும் ஒத்த போக்கில் ஏறி இறங்கின. வெளியூர்ப் பார்வையாளரிடம் அவ்வொற்றுமை காணப்படவில்லை.

தீயில் இறங்குபவர் சிலராயினும் அதனைக் கடப்பது ஊர் முழுவதுமே. அப்பிணைப்பும் மனிதரை இத்தகைய ஆபத்தை விரும்பி ஏற்கச் செய்கின்றது.

இதனை உணர்ந்தோர் ஒரு தவற்றைத் தவிர்த்தல் வேண்டும். கால் சுட்டவரை விரதம் பிழைத்தவர் எனப் பழிப்பதே அது. தணலின் சூட்டாலும், கால் சற்றுத் தாமதித்ததாலும் புண் உண்டாகலாம். பக்தியை அளக்கும் கோல் அதுவன்று. அவருக்காகத் துடித்த நெஞ்சுகளே மறுநாள் அப்புண்ணுக்கு மருந்திட வேண்டும். அப்போதே ஊரின் நேர்த்தி நிறைவுறும்.