பாயும் முன்

குத்துச்சண்டையில் பாய்ந்து வீசும் இடது ஹுக் பார்ப்பவருக்கு அழகு; வீசுபவருக்கோ ஆபத்து. முழங்காலை மடக்கி, உடல் எடையை முன்காலில் ஏற்றி, அங்கிருந்து எம்பி, இடுப்பைத் திருப்பி வீச வேண்டும். கால் தரையில் பாவாத அந்தக் கணத்தில் திசை மாற்ற முடியாது, பின்வாங்கவும் முடியாது. ஹுக் வளைந்து போகும். எதிராளியின் வலது கை நேராக வரும். நேர்வழி குறுகியது என்பதால் அது முந்திவிடலாம்.

அமெரிக்க வீரர் ஃபிளாய்ட் பேட்டர்சன் இந்த அடிக்குப் பேர்போனவர். 1959-இல் ஸ்வீடனின் இங்கமார் யோஹான்சன் 3-ஆம் சுற்றில் அவரை 7 முறை வீழ்த்தி, உலக ஹெவிவெயிட் பட்டத்தைப் பறித்தார். 1960 ஜூன் 20 அன்று நியூயார்க்கில், 5-ஆம் சுற்றில், பேட்டர்சன் இடது ஹுக்கால் அவரைச் சாய்த்தார். இழந்த அந்தப் பட்டத்தை மீட்ட முதல் வீரர் அவரே. 1962-இல் சோனி லிஸ்டனிடம் முதல் சுற்றிலேயே விழுந்தவரும் அவரே.

தேர்ந்தவர்கள் இந்த அடியை எடுத்த எடுப்பில் வீசுவதில்லை. ஜாப் எனும் விரைவான நேர்க்குத்தால் எதிராளியின் பார்வையை மறைப்பார்கள். வயிற்றைக் குறிவைப்பதுபோல் போக்குக்காட்டி அவர் கையைத் தாழ்த்த வைப்பார்கள். தங்கள் வலது கையைத் தாடையைவிட்டு நகர்த்த மாட்டார்கள். எதிராளியின் நேர்க்கோட்டிலிருந்து விலகியே கால் ஊன்றுவார்கள்.

துணிச்சல் பாய்வதில் மட்டும் இல்லை. குறி தவறினால் எங்கே கால் ஊன்றுவது என்று முன்பே தீர்மானித்திருப்பதிலும் இருக்கிறது.