மலைப்பாதையும் குணவிரதமும்



சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் கோவையிலுள்ள ஒரு சிராவகக் குடும்பத்தார் அடியேனைத் தம் இல்லத்திற்கு அழைத்திருந்தனர். அவர்கள் மகன் புதிதாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். தரையோடு தரையாகத் தாழ்ந்த உடல், செந்நிறம், இருவர் மட்டுமே அமரக்கூடிய இருக்கை. பஞ்ச நமஸ்கார மந்திரம் ஓதி வாழ்த்துக் கூறினேன். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கலாமே என்று அண்டை வீட்டார் ஒருவர் சொன்னபோது, அந்த இளைஞரின் தாயார், "ஒன்றை நசுக்கித்தான் பயணம் தொடங்க வேண்டுமா?" என்று கேட்டு மறுத்துவிட்டார். அந்தச் சொல்லின் பொருள் அன்று எனக்கு முழுமையாக விளங்கவில்லை.

மோட்டார் மீது கோவை மக்களுக்கு உள்ள காதல் புதிதன்று. 1920இல் ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு இம்மண்ணைச் சேர்ந்தவர். பந்தயக் கார்களைத் தாமே வடிவமைத்து, 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் பெயரால் செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் இவ்வூரார். ஆகவே இருபத்தாறு வயதுப் பிள்ளை வேகத்தை விரும்பினான் என்பதற்காக அவனைக் குறை கூற நான் இந்தச் சொற்பொழிவைத் தொடங்கவில்லை. குறை என்மீதும் இருக்கிறது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஐயா, ஒரு முறை மலைக்கு வாருங்கள். நம் வண்டி எப்படி ஏறுகிறது பாருங்கள்" என்று அவர் அழைத்தார். நான் மறுக்கவில்லை. பொழுது புலர்வதற்கு முன் புறப்பட்டோம். அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம் கடந்து பண்ணாரியை அடைந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. அங்கிருந்து திம்பம் வரை இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். தம்பி மிகவும் நன்றாகவே ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைத்து, ஒலி எழுப்பி, தம் பக்கத்தை விடாமல் ஏறினார். தாளவாடிப் பக்கத்திலிருந்து காய்கறி லாரிகள் இறங்கி வந்துகொண்டிருந்தன. மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஆயினும் பாரத்தோடு வந்த ஒரு லாரி வளைவில் திணறியபோது இவரே ஒதுங்கி நின்றார். கீழே பவானிசாகர் நீர்ப்பரப்பு வெள்ளித் தகடு போலக் கிடந்தது. மூங்கிற் புதர்களின் ஈர மணம் வந்தது. பொறிகளும் புலன்களும் குளிர்ந்திருந்த வேளை அது.

திம்பத்தைத் தாண்டியபின் ஆசனூர் நோக்கிச் செல்லும் காட்டுச் சாலை வளைவு குறைந்து நீள்கிறது. அங்கேதான் வண்டி தன் ஆற்றலைக் காட்டத் தொடங்கியது. என் முதுகு இருக்கையில் அழுந்தியது. மரங்கள் பின்னோக்கி ஓடின. நான், எழுபதை நெருங்கும் கிழவன், விரதங்களைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறவன், அந்த வேகத்தில் களித்தேன். "மெதுவாகப் போ, தம்பி" என்று ஒரு சொல் என் வாயிலிருந்து வரவில்லை.

புதரிலிருந்து ஏதோ ஒன்று பாய்ந்தது. சிறிய ஓசை, ஒரு சுள்ளி முறிந்தாற்போல. வண்டி வெகுதூரம் சென்ற பிறகே நின்றது. இருவரும் திரும்பி நடந்தோம். ஒரு கீரி. உயிர் இன்னும் முழுமையாகப் பிரியவில்லை. நான் குனிந்து பஞ்ச நமஸ்காரத்தை ஓதினேன். ஓதி முடிவதற்குள் அது அடங்கிவிட்டது.

சீவக சிந்தாமணியில், அடிபட்டுச் சாகும் நாயின் செவியில் சீவகன் இம்மந்திரத்தை ஓத, அந்நாய் தேவனாகப் பிறந்த வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்கிறோம். அன்று அந்தச் சாலையில் எனக்கு அந்தப் பெருமை கிடைக்கவில்லை. சீவகன் காலத்தில் நாயை அடித்தவர் வேறு, மந்திரம் ஓதியவன் வேறு. இங்கே அடித்தவரும் நாமே, ஓதியவரும் நாமே.

"ஐயா, நான் அதைப் பார்க்கவே இல்லையே" என்றார் தம்பி. அவர் கண்கள் கலங்கியிருந்தன. கொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. எண்ணம் இல்லாதபோது இம்சை எவ்வாறு வந்து சேரும் என்பது அவர் கேட்காமல் கேட்ட கேள்வி. அன்பர்களே, இக்கேள்விக்கு எளிய ஆறுதல் கூறி நழுவிவிடலாம். ஆனால் நம் ஆசாரியர்கள் அவ்வாறு நழுவவில்லை.

உயிரைப் பிரிப்பது மட்டுமே இம்சை என்று உமாஸ்வாமி ஆசாரியர் கூறவில்லை. பிரமாதத்தோடு, அதாவது விழிப்பற்ற மனம் மொழி மெய்களின் இயக்கத்தால் உயிரைப் பிரிப்பதே இம்சை என்கிறார். பொன்னூர் மலையில் தவம் செய்தவராக நாம் போற்றும் குந்தகுந்த ஆசாரியரோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும், கவனமின்றி ஒழுகுபவனுக்கு இம்சை உறுதி. கவனத்தோடு நடப்பவனுக்கு, தற்செயலாய் ஓர் உயிர் மடிந்தாலும் அதனால் வினைக்கட்டு இல்லை என்பது அவர் கருத்து. இதை அந்தச் சாலைக்குப் பொருத்திப் பாருங்கள். கீரி குறுக்கே வந்த கணத்தில் இம்சை பிறக்கவில்லை. அதற்கு முன்பே, வேகமானி முள் ஏறிய கணத்திலேயே அது பிறந்துவிட்டது. கீரி வராமலே இருந்திருந்தால், நாங்கள் இருவரும் எதையும் உணராமல் மகிழ்ச்சியோடு ஊர் திரும்பியிருப்போம். இம்சை மட்டும் கணக்கில் ஏறியிருக்கும். எனக்கு நடுக்கத்தைத் தந்தது இதுதான்.

முனிவர்கள் எந்த ஊர்தியிலும் ஏறுவதில்லை. நடக்கும்போதும் நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கியே அடிவைக்கிறார்கள். இது ஈரியா சமிதி. இல்லறத்தார்க்கு அந்த அளவு இயலாது, விதிக்கப்படவும் இல்லை. ஆயினும் அதன் உட்பொருள் நமக்கும் உரியது: எவ்வளவு தொலைவைக் கண் காக்க முடியுமோ அவ்வளவே கால் செல்ல வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்கே ஏறத்தாழ அந்த ஒரு நொடி போய்விடும். வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் அதற்குப் பிறகு. வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. புதர் சாலையோரம் வரை வளர்ந்த காட்டில் அந்த 22 மீட்டர், எவரும் காவாத நிலம். அங்கே எது வந்தாலும் அதற்கு நாம் அடைக்கலம் தரவில்லை.

திரும்பும் வழியில் தம்பி ஒரு வாதம் வைத்தார். "அந்தக் காய்கறி லாரிகளும் தவளையையும் பாம்பையும் நசுக்குகின்றனவே. நீங்கள் ஊருக்கு வந்த பேருந்தும் அப்படித்தானே, ஐயா? என் காரை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?" நேர்மையான வாதம். இதற்கு விடையாகச் சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தை நினைவூட்டினேன். குணவிரதம் மூன்றனுள் ஒன்று அனர்த்ததண்ட விரதம். பயனற்ற தீங்கை விலக்குதல். அதில் பிரமாதசரியை என்ற வகைக்கு ஆசாரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள் வியப்பூட்டுகின்றன. வீணே மண்ணைத் தோண்டுதல், நீரை அலைத்தல், தீ மூட்டுதல், செடி கொடிகளை வெட்டுதல் ஆகியவற்றோடு, பயனின்றித் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் சேர்த்துச் சொல்கிறார். பல நூற்றாண்டுகளுக்கு முன், பொறி வண்டி என்ற ஒன்றே இல்லாத காலத்தில், 'சும்மா ஒரு சுற்று' போவதை அவர் தீங்கின் பட்டியலில் வைத்தார். தம்பி திரிந்தார், என்னையும் திரியச் செய்தார். இரண்டுமே அங்கு நிகழ்ந்தன.

தாளவாடி உழவர் முட்டைக்கோசைச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். அதில் நேரும் தீங்கு இல்லறத்தானின் தொழிலோடு ஒட்டியது. குறைக்கலாம், முற்றும் விலக்க இயலாது. ஒரே சாலைதான், ஒரே ரப்பர்ச் சக்கரம்தான். ஒன்றில் அர்த்தம் உண்டு, மற்றொன்றில் இல்லை. சத்தியமங்கலம் காடு 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இச்சாலையில் வனவிலங்குகள் அடிபட்டு மடிவதைக் கருதி, இரவுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் ஆணையிட்டது. அப்போது மலைமேல் வாழும் மக்கள் தங்கள் பிழைப்பைச் சொல்லிப் போராடினர். அவர்கள் குரலில் நியாயம் இருந்தது. சிறுத்தையின் உயிருக்காக உழவன் தன் இரவை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நகரத்தார் நாம், நம் களிப்பிலிருந்து எதை விட்டுக்கொடுத்தோம்? இரவுண்ணாமையை நோன்பாகக் கொண்ட குலம் நம்முடையது. விளக்கொளியில் சிற்றுயிர் கண்ணுக்குத் தெரியாது என்றுதானே அந்தியில் அடுப்பை அவித்தோம்? முகப்பு விளக்கின் ஒளியில் மட்டும் அது தெரிந்துவிடுமா?

இனி, இன்பம் என்ற ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லறத்தானுக்கு இன்பம் முற்றும் விலக்கப்படவில்லை. ஒருமுறை துய்த்துக் கழிவது போகம், உணவு போல. மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம், ஆடை போல. கார் உபபோகம், அதற்கு ஊற்றும் பெட்ரோல் போகம் என்று சொன்னபோது தம்பி அந்தத் துயரிலும் சிறிது நகைத்தார். இரண்டிற்கும் அளவு குறித்துக்கொள்வதே போகோபபோக பரிமாண விரதம். வாழ்நாள் முழுமைக்கும் குறித்துக்கொண்டால் இயமம். ஒரு நாள், ஒரு பக்கம், ஒரு திங்கள், ஒரு பருவம் என்று கால எல்லை வைத்துக்கொண்டால் நியமம். இந்த நியமம் இளைஞர்க்கென்றே வைத்தது போல எனக்குத் தோன்றும். திசை விரதத்திற்கோ கடல், ஆறு, காடு, மலை போன்று எல்லாரும் அறிந்த எல்லைகளையே குறியாகக் கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். கோவையில் இருப்பவருக்கு எல்லைக் குறி தேடி அலைய வேண்டியதில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை நிற்கிறது.

இன்னொன்று. அளவிற்கு மீறிப் பொருள் சேர்ப்போரின் குற்றங்களைச் சொல்லும்போது, அதே நூல் அதிவாகனம் என்பதை முதலிற் சொல்லி, பிறர் செல்வத்தைக் கண்டு அளவு மீறி வியப்பதையும் உடன் வைக்கிறது. ஆவணியில் அந்தக் காரைச் சுற்றி வாய்பிளந்து நின்ற தெருவார்க்கும் அதில் பங்குண்டு. முன்வரிசையில் நின்றவன் நான்.

வரும்போது கோபி, பெருந்துறை வழியாக விஜயமங்கலம் சென்று சந்திரப்பிரபர் ஆலயத்தில் நின்றோம். நெடுஞ்சாலையில் விரைவோர் பலர் அந்த நெட்டைக் கோபுரத்தை அறியாமலே கடக்கிறார்கள். பெருங்கதை பாடிய கொங்குவேளிர் இவ்வூரார் என்பர். அக்கதையில் உதயணனையும் வாசவதத்தையையும் சுமந்து இரவெல்லாம் ஓடிய பத்திராபதி என்னும் பிடி, ஓட்டத்தின் முடிவில் வழியிலேயே விழுந்து உயிர்விடுகிறது. சிறுவயது முதல் அதைக் காதற் கதையாகவே படித்திருக்கிறேன். அன்றுதான் அந்தப் பிடியை நினைத்தேன். கருவறை முன் இருவரும் பிரதிக்கிரமணம் செய்தோம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்ற மூன்றில் முதலாவது அவருக்கும், மூன்றாவது எனக்கும் உரியவை. வினையின் கட்டில் உடன்பட்டவனுக்குத் தள்ளுபடி கிடையாது.

தம்பி அங்கேயே ஒரு நியமம் ஏற்றார். ஈரத்தில் சிற்றுயிர்கள் பெருகும் என்று முனிவர்களே ஓரிடத்தில் தங்கிவிடும் சாதுர்மாச காலத்தில் மலைப்பாதையில் காரை ஏற்றுவதில்லை. மற்றக் காலத்தில் காட்டுக்குள் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதில்லை. கதிரவன் மறையுமுன் சமவெளிக்கு இறங்கிவிடுவது. காரணமின்றி மாதத்தில் ஒரு பயணத்துக்கு மேல் இல்லை. வேகம் வேண்டுமென்றால் செட்டிபாளையத் தடத்திற்குப் போவதாகச் சொன்னார். அங்கும் பூச்சி புழு மடியும்தான். ஆயினும் சுற்றி அடைத்த சிறு நிலத்திற்குள் களிப்பை நிறுத்துவது காட்டைத் திறந்த வெளியாகக் கொள்வதைவிடக் குறைந்த தீங்கு என்பதால் உடன்பட்டேன். அவர் தந்தையார் இதைக் கேட்டு, "முப்பதில் போவதற்கு இத்தனை இலட்சம் எதற்கு? பழைய ஸ்கூட்டர் போதுமே!" என்று சினந்தார். நல்ல கேள்வி. வாங்குவதற்கு முன் கேட்டிருக்கலாம் என்று சொல்ல நினைத்து அடக்கிக்கொண்டேன்.

தைத் திங்களில் மீண்டும் அழைத்தார். சென்றேன். திரும்பும்போது திம்பத்திலிருந்து இறங்கும் வழியில், பாரம் ஏற்றிய ஒரு முட்டைக்கோசு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். இருபத்தேழு வளைவும் அதன் பின்னாலேயே ஊர்ந்து வந்தோம். ஓரிடத்தில் ஓட்டுநர் கையை வெளியே நீட்டி, முந்திச் செல்லுமாறு சைகை காட்டினார். தம்பி கண்ணாடியை இறக்கி, "நீங்கள் போங்கள் அண்ணா, எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை" என்று குரல் கொடுத்தார்.